இரண்டாவது சாவி

படகு துப்பிக்கொண்டே இருந்தது. அதன் வலப்பக்கத்தில், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருந்த துவாரத்திலிருந்து கட்டைவிரல் பருமனுக்குத் தண்ணீர் விழுந்தது, கொஞ்சம் நின்றது, மறுபடி விழுந்தது. உல்ரிகா படகுத்துறையில் இரண்டு கையிலும் சாப்பாட்டுப் பைகளோடு நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரூத்துக்கு வயித்துப்போக்கா?" என்றாள் மோவா. அவளுக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவும் அப்பாவும் ஒரே இடத்தில் இருக்கும்போதெல்லாம் இப்படி ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்ப்பதை டிசம்பரிலிருந்து ஒரு வேலையாகவே வைத்திருந்தாள்.

"மழத்தண்ணிடா கண்ணு. ஏப்ரல் காத்துல தார்ப்பாய் கிழிஞ்சிருச்சில்ல, உள்ள தேங்கிருக்கு. அரை மணி நேரத்துல பம்பு எல்லாத்தையும் வெளிய தள்ளிடும்," என்றான் ஸ்டஃபான். பிறகு மனைவியைப் பார்த்து, "வந்துட்ட," என்றான்.

"வர்றேன்னு சொல்லியிருந்தேனே."

"ஆமா, சொல்லியிருந்த."

இவ்வளவுதான் இப்போதெல்லாம் அவர்கள் பேசிக்கொள்வது.

ரூத் என்பது படகின் பெயர். முப்பத்தைந்து வயதான, இரண்டு கட்டிலும் ஒரு குட்டி அடுப்பும் கொண்ட அறைப் படகு. போன கோடையில் மனைவியை இழந்த ஒரு பெரியவரிடம் வாங்கினார்கள். ரூத் அந்த மனைவியின் பெயர். படகின் பெயரை மாற்றினால் ஆகாது என்று கரை முழுக்கச் சொல்வார்கள், அதனால் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். வாங்கியபோது இருந்த சந்தோஷத்தைப் பார்த்தவர்கள், டிசம்பரில் இவர்கள் விவாகரத்துக்கு எழுதிக் கொடுத்ததை நம்பவே இல்லை. சண்டை பெரிதாக ஒன்றுமில்லை, அதுதான் வினை. யார் முதலில் பேசுவது, யார் முதலில் கேட்பது, யார் முதலில் கூப்பிடுவது என்று தொடங்கி, வீட்டில் அடுப்புச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லாமல் போயிற்று. சின்னப் பிள்ளை இருக்கும் வீடு என்றால் ஆறு மாதம் யோசியுங்கள் என்று சட்டம் சொல்லும். பிப்ரவரியில் ஸ்டஃபான் நார்ச்சேபிங் நகரில் ஒரு சைக்கிள் கடை மாடியில் அறை எடுத்துக்கொண்டு போனான். படகைக் கடலுக்குத் தயார் செய்வது தன் பொறுப்பு என்று இரண்டாவது சாவியை எடுத்துப் போனான். ஆறு மாதம் ஜூனில் முடிகிறது. அதற்குள் படகில் ஒரு சனி, ஞாயிறு மூவரும் போய்வருவது, வந்ததும் ஆம் அல்லது இல்லை என்று முடிவு செய்வது என்று பேச்சு. அந்தச் சனிக்கிழமைதான் இது.

மதியம் மூன்று மணிக்கு ஹார்ஷேர் தீவின் வடக்குப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். வழக்கம்போல முனையைப் பாறையில் கட்டி, பின்னால் நங்கூரம் போட்டார்கள். மே தொடக்கத்தில் அவ்வளவு தூரம் யாரும் வருவதில்லை. சுற்றிலும் ஒரு பாய்மரம்கூடத் தென்படவில்லை. தீவின் பாறை மறைப்பதால் அங்கே போனும் எடுக்காது. ஸ்டஃபான் பாறையில் கால் நீட்டி உட்கார்ந்தான், மோவா வாத்துகளை எண்ணினாள், உல்ரிகா உருளைக்கிழங்கு வேகவைத்தாள். புகைபோட்ட மீனை இலவங்கப்பட்டை ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டதற்கு மோவா ஒரு பாட்டம் திட்டினாள். அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சிரித்த பிறகு இருவரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள்.

ஸ்டஃபான் தன் பையிலிருந்து ஒரு ஒயின் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தான். அவன் எப்போதும் வாங்குவது அட்டைப்பெட்டி ஒயின். குழாயைத் திருகினால் ஊற்றும், மலிவு. இது கண்ணாடி பாட்டில், தக்கை போட்டது. "ராத்திரி சாப்பாட்டுக்கு," என்று மட்டும் சொன்னான். அது தனக்காக வாங்கியது என்று உல்ரிகாவுக்குப் புரிந்தது. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டிருந்தது.

அதற்குள் மணி ஆறாகிவிட்டது. பம்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அரை மணி நேரம் என்றான், ஐந்து மணி நேரம் ஆயிற்று. இவ்வளவு மழையா பெய்தது? உல்ரிகா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். கரையிலிருந்தே ஒரே சீராகக் கேட்ட உறுமல் இப்போது இழுத்து இழுத்து, சளி பிடித்த தொண்டைபோல் கேட்டது. மேசைக்கு மேலிருந்த விளக்கு மங்கியது. குளிர்பெட்டி கிளுக்கென்று நின்றது.

"ஸ்டஃபான், இங்க வா. உடனே வா."

அவள் குரலின் அவசரத்தைப் புரிந்துகொண்டு அவன் ஓடி வந்தான். பின்பக்கத்து மூடுபலகையைத் தூக்கி இருவரும் குனிந்து பார்த்தார்கள். எஞ்சினின் பாதி தண்ணீருக்குள் இருந்தது. தண்ணீர் கறுப்பாக, எண்ணெய் மினுமினுப்போடு ஆடியது. ஸ்டஃபான் தாவிப் போய்ச் சாவியைத் திருகினான். டிக் என்றது. மறுபடி திருகினான். டிக் என்றுகூடச் சொல்லவில்லை.

"பேட்டரி போச்சு. பம்பே குடிச்சிருக்கு. ரேடியோவும் அதுலதான்."

"ரெண்டாவது பேட்டரி?"

"வாங்கணும்னு நெனச்சேன்."

பம்பு நின்றது. அந்த நிசப்தத்தில் தண்ணீர் உள்ளே வரும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பின்பக்க அடியிலிருந்து, விடாமல், ஒரு குழாயைத் திறந்துவிட்ட மாதிரி.

உல்ரிகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மழைத்தண்ணீர் எப்படித் தேங்கும்? படகின் பின்பக்கம் அடியில் ஒரு துவாரம் இருக்கிறது. மழைத்தண்ணீர் வடிந்துபோகட்டும் என்றுதான் இலையுதிர் காலத்தில் படகைக் கரையேற்றும்போது அதன் பித்தளை மூடியைக் கழற்றி வைப்பது. தார்ப்பாய் முழுசாகப் பறந்துபோயிருந்தாலும் உள்ளே ஒரு சொட்டு நின்றிருக்காதே. அக்டோபரில் அந்த மூடியைக் கழற்றியவள் அவள்தான். கழற்றி என்ன செய்தாள்? படகுக் கழகத்தில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள். படகுச் சாவியில் கட்டித் தொங்கவிட்டாள். அது சாவியில் தொங்கினால், வசந்தத்தில் எஞ்சினைக் கிளப்பும் கைக்கு அது தட்டுப்படாமல் போகாது.

"மூடிய போட்டியா?" என்று கேட்டாள்.

"மூடி உள்ளதான இருக்கு?" ஸ்டஃபான் தன் சாவியைத் தூக்கிக் காட்டினான். அதில் ஒன்றும் தொங்கவில்லை. "சாவில இல்லையே! இல்லன்னா நீயே போட்டுட்டன்னு தான அர்த்தம். காலைல படகத் தண்ணில எறக்குறப்ப, கிரேன் ஓட்டுற ரூனே கேட்டாரு, மூடி போட்டாச்சான்னு. நான் கட்டைவெரலத் தூக்கிக் காமிச்சேன்."

"அது என் சாவில இருக்கு. வீட்டுல, சமையலறை ஆணில."

ஒரு வீடு, ஒரு சாவி என்று இருப்பவர்களுக்குப் பழுதில்லாமல் நடக்கும் வழக்கம் அது. இவர்களுக்கோ இப்போது வீடும் இரண்டு, சாவியும் இரண்டு.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அன்றைய காலை அவள் கண்முன் வந்து நின்றது. ஏழு மணி. கையில் காபி. ஆணியில் சாவி, சாவிக்குக் கீழே பித்தளை மூடி, ஜன்னல் வெளிச்சம் பட்டு மினுங்கியது. அவள் அதைப் பார்த்தாள். ஏதோ எண்ணத்தில் பார்க்கவில்லை, நன்றாகவே பார்த்தாள். 'மூடி இங்கே இருக்கே, இன்னிக்குத்தானே கிரேன்' என்று நினைத்தாள். போன் காபிக் கோப்பைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. 'ஓட்டையப் பாத்தா கூப்பிடுவான். இந்த ஒரு தடவ அவனே கூப்பிடட்டுமே. இல்ல, புதுசா ஒண்ணு வாங்கியிருப்பான்' என்று நினைத்து, காபியைக் குடித்துவிட்டு, மருந்துக்கடை அரைநாள் வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

 அதை இப்போது சொல்ல நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்தான். ஆனால் நேரம் இல்லாதது, சொல்லாமலிருக்க ஒரு வசதியாகவும் இருந்தது.

"மோவா, கம்பளியெல்லாம் எடுத்துக்கிட்டுப் பாறைமேல ஏறு. அங்கயே இரு, எறங்கி வரக்கூடாது," என்றாள்.

"முங்கப் போகுதா?"

"ஏறுன்னு சொன்னேன்ல!"

மோவா வேடிக்கை எதுவும் சொல்லாமல் ஏறினாள். பின்பக்கம் கண்ணுக்குத் தெரிய இறங்கிவிட்டிருந்தது. குளிக்கும்போது நிற்பதற்காகப் பின்னால் இருந்த பலகைமேல் அலை ஏறி விளையாடியது. ஸ்டஃபான் வாளியை எடுத்து இறைத்தான். பத்து வாளிக்கு ஒரு விரல்கூடக் குறையவில்லை.

"விட்டுரு உல்ரிகா. நாமளும் பாறைக்குப் போயிருவோம். காலைல யாராவது வருவாங்க. போனா போகட்டும், படகுதான்."

படகுதான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான், ஆனால் அவன் முகத்தில் வேறு எதையோ கைகழுவிய களை இருந்தது. இது மூழ்கினால் எல்லாம் மூழ்கிற்று என்பது இருவருக்குமே தெரியும். பாறையில் ஒரு ராத்திரி நடுங்கிவிட்டு, காலையில் யாரோ ஒருவன் படகில் ஏறி, இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய்ச் சேர்வார்கள். ஜூனில் ஒரு கையெழுத்து.

"அந்த பாட்டிலத் திற," என்றாள் உல்ரிகா.

"என்ன?"

"ஒயின்! தக்கை வேணும். சீக்கிரம்!"

அவன் விழித்தது ஒரு நொடிதான். தக்கை பிடுங்கும் திருகியைத் தேடி எடுத்து, பாட்டிலைத் தொடைக்கு நடுவே இடுக்கிப் பிடுங்கினான். அவள் ரொட்டிக் கத்தியால் தக்கையின் ஒரு முனையைச் சீவிக் கூராக்கினாள். பாத்திரம் துடைக்கும் துணியில் ஒரு கீற்றைக் கிழித்து அதைச் சுற்றினாள். அவசரத்தில் விரல் கொஞ்சம் வெட்டுப்பட்டது.

"நான் எறங்கறேன்," என்றான் அவன்.

"ஓட்ட எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா? நீ தார் பூசும்போதுகூட குனிஞ்சு பாத்திருக்க மாட்ட. நான் கழட்டுனவ. என் கைக்குத் தெரியும். இடுப்புல கயிறு கட்டு."

கட்டினான். அவள் மேலுடைகளைக் களைந்துவிட்டு ஏணியில் இறங்கினாள். ஏழு டிகிரித் தண்ணீர். முழங்காலில் வலித்தது, இடுப்பில் எரிந்தது, நெஞ்சில் ஏறியதும் மூச்சு உள்ளே போகவே மறுத்தது. படகு ஆடி ஆடிப் பின்பக்கம் அவள் தோளில் இடித்தது. இடது கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, வலது கையை விசிறியைத் தாங்கி நீருக்குள் தொங்கும் எஞ்சின் காலுக்குப் பின்னால் விட்டுத் துழாவினாள். பாசி, வழுவழுப்பு, ஒரு திருகாணி மண்டை. ஓட்டை இல்லை. இன்னும் கீழே இருக்க வேண்டும். தலையை முக்கினாள். குளிர் நெற்றியைப் பிளந்தது. வெளியே வந்து வாயால் மூச்சு வாங்கினாள்.

"போதும், வந்துரு! வந்துருன்னா!" ஸ்டஃபான் கயிற்றை இழுத்தான்.

"இழுக்காத! இழுத்தன்னா..." மீதி வார்த்தை வரவில்லை. பல்லுக்குப் பல் அடித்துக்கொண்டது.

மறுபடி முக்கினாள். விரல் நுனியை ஏதோ உறிஞ்சியது. தண்ணீர் உள்ளே ஓடும் இழுப்பு. அதுதான். தக்கையை வைத்தாள், வழுக்கியது, மறுபடி வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். விரல்களில் உணர்வே இல்லை, போயிற்றா போகவில்லையா என்றுகூடத் தெரியவில்லை. குதிகாலை உயர்த்தி ஓங்கி ஓர் உதை விட்டாள். பிறகு கையால் தடவிப் பார்த்தபோது இழுப்பு இல்லை.

ஸ்டஃபான் அவளை மேலே தூக்கி, தன் சட்டைக்குள்ளேயே சேர்த்து அணைத்துக்கொண்டான். மோவா பாறையிலிருந்து கம்பளியோடு சறுக்கி இறங்கிவந்தாள், யாரும் திட்டவில்லை. மூவரும் மூடுபலகைக்குள் எட்டிப்பார்த்தபடி காதுகொடுத்தார்கள். சத்தம் இல்லை.

"நின்னுருச்சு," என்றாள் மோவா. "ரூத்தோட வயித்துப்போக்கு நின்னுருச்சு." சொல்லிவிட்டு அழுதாள்.

பிறகு இறைப்பு. மோவா கட்டிலில் சுருண்டுகொண்டாள். உல்ரிகா எல்லாக் கம்பளிகளையும் போர்த்திக்கொண்டு, நடுக்கம் தணிந்ததும் ஒரு சட்டியை எடுத்தாள். சூரியன் கடலில் கால் வைத்திருந்தான். ஸ்டஃபான் வாளியால், அவள் சட்டியால், மாற்றி மாற்றி வெளியே கொட்டினார்கள்.

"என் தப்புதான்," என்றான் ஸ்டஃபான் வாளியைப் பார்த்துக்கொண்டே. "பாக்காமலே ரூனேக்குக் கட்டைவெரலத் தூக்கினேன். பேட்டரி வாங்கல. மழத்தண்ணின்னு சொல்லி ஒன்னையும் ஏமாத்தினேன், என்னையும் ஏமாத்திக்கிட்டேன். பிள்ளைய வச்சிக்கிட்டு இப்படி ஒரு காரியம். நீ இனிமே யோசிக்க ஒண்ணுமில்ல. ஜூன்ல கையெழுத்துப் போட்டுடறேன். வழக்காடமாட்டேன்."

உல்ரிகா சட்டியை முக்கினாள், கொட்டினாள். இப்படியே விட்டுவிடலாம். அவன் முழுப் பழியையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான், அவள் கேட்கவே இல்லை. ஊரும் அப்படித்தான் பேசும், மூடி போடாமல் படகை இறக்கினவன் என்று. அவள் எந்தக் கறையும் இல்லாமல் வீட்டுக்குப் போகலாம், ஆணியில் தொங்கும் அந்த மூடியைக் கழற்றி எங்கேயாவது தூர எறியலாம். அவமானத்தில் அவள் காது சுட்டது, அவ்வளவு குளிரிலும்.

"நான் பாத்தேன்," என்றாள்.

"எத?"

"மூடிய. காலைல. ஆணில தொங்கிச்சு. இன்னிக்கு கிரேன்னு தெரியும். ஒனக்கு ஒரு போன் போட்டிருக்கணும். பக்கத்துலயேதான் போன் இருந்துச்சு. நீயே கூப்பிடட்டும்னு விட்டுட்டேன். மோவா வரப்போற படகுன்னு தெரிஞ்சும் விட்டுட்டேன்."

ஸ்டஃபானின் வாளி பாதியில் நின்றது. தண்ணீர் அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவன் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தட்டும் என்றுகூட இருந்தது.

"எத்தன மணிக்கு?" என்று கேட்டான்.

"ஏழு. ஏழு அடிச்சு கொஞ்சம் இருக்கும்."

அவன் வாளியை மெல்லக் கீழே வைத்தான்.

"ஏழு மணிக்கு நான் கட்டில்ல போனக் கையில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்," என்றான். "எட்டு வரைக்கும். நீ இன்னிக்கு வருவியா, மாட்டியான்னு கேக்கணும்னு. ஒன் பேர எடுத்து எடுத்துப் பாத்தேன். அப்புறம், நீயே கூப்பிடட்டும்னு விட்டுட்டேன்."

 மூடுபலகைக்குக் கீழே இன்னும் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது. உல்ரிகா கையை நீட்டி, "சாவியக் குடு. ரெண்டும் இனி ஒரே ஆணில தொங்கட்டும்," என்றாள். அவன் சட்டைப் பையிலிருந்து படகுச் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தான். அவள் அதைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு மறுபடி சட்டியை எடுத்தாள்.