ஞாயிற்றுக்கிழமைப் பச்சை

மெத்தைக் கம்பெனியில் பஞ்சு அடைக்கும் அந்த அக்காவுக்கு ஆஸ்துமா. சின்னக் குழாயில் மூச்சை ஊதி, அது காட்டும் எண்ணை செல்போனில் பதிய அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் ஆஸ்பத்திரி நர்ஸ். அக்கா ஒருநாள்கூட விடவில்லை. மாதக் கடைசியில் இருவரும் திரையைப் பார்த்தார்கள். வேலை நாளெல்லாம் மூச்சு குறைந்து சிவப்பு, ஞாயிறு மட்டும் பச்சை.

"பஞ்சுத் தூசிதான்க்கா உங்களுக்கு ஆகல. இதை மேனேஜர்கிட்ட காட்டுங்க, தையல் பக்கம் மாத்திடுவாங்க."

"கேட்டா மாத்துவாங்களாம்மா?"

"ஆதாரம் கையில இருக்கே."

அடுத்த மாதம் அக்கா வந்தபோது திரை முழுக்கப் பச்சை. எட்டிப் பார்த்த டாக்டர், "பேஷன்ட்ட நல்லாத் தயார் பண்ணியிருக்கீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். நர்சுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"தையலுக்கு மாத்திட்டாங்களாக்கா?"

"காட்டின அன்னிக்கே கணக்கை முடிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றதுன்னு மேனேஜர் கேட்டாரு."

 அக்கா திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது நர்சுக்கு. அவளோ போனை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

"வேற மெத்தைக் கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க. அவங்க கண்ணுல இந்தப் பழைய சிவப்பு பட்டா எடுக்க மாட்டாங்க. எப்படி அழிக்கிறதுன்னு சொல்லிக் குடும்மா."

"அங்கேயும் பஞ்சுதானேக்கா?"

"எனக்கு வேற வேலை தெரியாதே."

 நர்ஸ் போனைத் தன் பக்கம் இழுத்து, எந்த இடத்தில் விரலை வைத்து அழுத்த வேண்டும் என்று காட்டினாள்.