மரப்பட்டையில் உட்கார்ந்த அத்தை

நல்லுசாமிக்கு அன்றைக்கு ஒரே கவலைதான். மருமகன் பாண்டியராஜ் கல்யாணத்தில் தாய்மாமன் சீர்தான் முதலில் மேடை ஏற வேண்டும். பெண், நியூசிலாந்தில் அவனோடு வேலை பார்க்கும் மெலே. சொந்த ஊர் டோங்கா என்கிற தீவு. அந்தத் தீவுக்காரர்களுக்கு மாமன் என்றால் யாரென்று காட்டியே தீருவது என்று பழமும் பட்டும் தட்டுத்தட்டாக வாங்கி, மேளத்தோடு ரெட்டியார்சத்திரம் மண்டபத்தில் வந்து இறங்கினார்.

மனைவி சோலையம்மாள் பின்னால் ஒரு தட்டோடு வந்தாள். அவள் மாப்பிள்ளையின் அப்பா பொன்னழகுவுக்குத் தங்கை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. ஆனால் அவளை அத்தை என்று யாரும் கணக்கில் எடுத்ததில்லை. மாமன் பெண்டாட்டி, அவ்வளவுதான்.

உள்ளே காலெடுத்து வைத்த நல்லுசாமி நின்றுவிட்டார். நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, பெண்ணின் அப்பாவும் அவருடைய ஆட்களும் மண்டபம் நிறைய ஒரு துணியை விரித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஆள் பீரோ மாதிரி இருந்தார்கள். துணி பழுப்பு நிறம், மேலே கறுப்பில் கட்டம் கட்டமாகக் கோலம். விரிக்க விரிக்கச் சரசரத்தது.

"என்னடா இது, தார்ப்பாயா?" எதிரே வந்த பாண்டியராஜிடம் கேட்டார்.

"மரப்பட்டைத் துணி மாமா. பட்டைய உரிச்சு ஊறவச்சு, பொம்பளைங்க உக்காந்து கட்டையால தட்டித் தட்டி அகலமாக்கி ஒட்டுவாங்க. இதான் அவங்க சீர்."

"நாம பட்டு கொண்டாந்தா அவுக பட்டை கொண்டாந்திருக்காக. சரி, மூலையில மஞ்சளத் தடவி ஒரு சொம்பு தண்ணி தெளிக்கச் சொல்லு."

"தண்ணி பட்டா கூழாயிரும் மாமா."

"தொவைக்க முடியாத துணியா? வெளங்கிரும். எதுக்குத்தான் ஆகும்?"

பாண்டியராஜ் மாமனாரைக் கேட்டுச் சொன்னான். பிள்ளை பிறந்தால் அதில் கிடத்துவார்கள். கல்யாணப் பெண்ணுக்குச் சுற்றிவிடுவார்கள். வீட்டுக்குள் தடுப்பாகத் தொங்கவிடுவார்கள். செத்தால் அதிலேயே சுற்றிப் புதைப்பார்கள்.

"அட கெரகமே! பொணத்துக்குச் சுத்துறதையா கல்யாணத்துல விரிக்கிறது?"

"உங்க வேட்டி மட்டும் என்னவாம்?" பின்னாலிருந்து சோலையம்மாள். "மாப்பிள்ளைக்கும் அதான், பொணத்துக்கும் அதான்."

பெண்ணின் அப்பா ஏதோ கேட்டார். பாண்டியராஜ் தலையைச் சொறிந்தான்.

"மாமா, எங்கப்பாவோட கூடப்பொறந்தவங்க யாருன்னு கேக்குறாரு. அவங்க ஊர்ல அத்தைதான் எல்லாருக்கும் மேல. அத்தை வந்து துணியில உக்காராம எதையும் ஆரம்பிக்க மாட்டாங்களாம்."

"மாமன்?"

பாண்டியராஜ் குனிந்து துணியின் ஓரத்தைச் சரிசெய்தான்.

"சொல்லுடா."

"மாமன் சமையல்கட்டுப் பக்கம் நிப்பாராம். மருமகன் எது கேட்டாலும் குடுத்துரணுமாம்."

அதற்குள் இரண்டு பீரோக்கள் சோலையம்மாளைக் கைப்பிடித்து அழைத்துப்போய், தட்டும் கையுமாக நடுவில் உட்கார்த்திவிட்டார்கள். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சம்மணம் போட்டாள். அவர்கள் ஆட்கள் எல்லோரும் அவளைச் சுற்றித் தலை குனிந்து உட்கார்ந்தார்கள். மேளக்காரர் யாரும் சொல்லாமலே வாசிப்பை நிறுத்தினார்.

"எந்திரிடி. சீரு மேடை ஏறணும்."

"ஏறட்டும். எதுக்குக் கத்துறீங்க? இம்புட்டு நாளும் நாந்தான நின்னேன்."

ஐயர் செல்போனில் மணி பார்த்தார். பொன்னழகு வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "மச்சான், முகூர்த்தம் போகுது. அந்தக் கழுதைய என்னன்னு கேளுங்க."

"உங்க தங்கச்சி, நீங்க கேளுங்க."

"நான் கேட்டா பொண்ணோட அப்பா அடிப்பாரு போலிருக்கே."

சோலையம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "ஏங்க, உங்க சீருதான மொதல்ல ஏறணும்? ஏத்திருவோம். தட்ட ஒண்ணொண்ணா எங்கிட்ட கொண்டாந்து குடுங்க. அத்தை கையால ஏத்துனா அவுகளும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. செருப்பக் கழட்டிட்டு வாங்க."

நல்லுசாமி மேடையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

பட்டை காலடியில் மொறுமொறுத்தது. வெற்றிலைத் தட்டைக் குனிந்து நீட்டினார். அவள் வாங்கி மேடைக்கு அனுப்பினாள். அடுத்தது பழம். அதற்கடுத்தது பட்டு. போகவும் வரவுமாக அவர் வேட்டி அவிழப் பார்த்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டார். பெண்ணின் அப்பா பார்த்துக்கொண்டே இருந்தவர், எழுந்து வந்து நல்லுசாமியின் தோளைத் தட்டி, கண் கலங்க ஏதோ சொன்னார்.

"என்னடா சொல்றாரு?"

"இம்புட்டு தூரம் வந்து, மாமன் மொறை தெரிஞ்ச ஒரு ஆளப் பாத்துட்டேங்கறாரு."

நல்லுசாமி அடுத்த தட்டை எடுக்கப் போனார்.