டோஸ்ட் தொரைக்கு அனுப்பிய வதிவிடச் சான்றிதழ்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பெரகல சந்தியில், மொஹிதீனின் போட்டோகொப்பிக் கடையில், எனக்கு முன்னால் நின்ற அம்மாவிடமிருந்து காதால் திருடியது. அவர் கையில் கிராம சேவகர் முத்திரை குத்திய கடதாசி இருந்தது.

"இத கம்பியூட்டர்ல ஏத்தி அனுப்பணும் தம்பி."

"எங்கக்கா அனுப்ப?"

"பின்லாந்துக்கு."

"வேலைக்கா? பாத்துக்கா, நல்லா ஏமாத்துறானுங்க."

"வேலைக்கு இல்லப்பா. நாங்க ஆறு பேரும் மனுசங்கதான்னு காட்டணுமாம்."

சந்தியில் கடை வைத்திருப்பவன் எதற்கும் திடுக்கிட்டால் பிழைப்பு ஓடாது. மொஹிதீன் கடதாசியைக் கவிழ்த்து வைத்து ஸ்கேன் எடுத்தான், அனுப்பினான். அந்த அம்மா ஹல்துமுல்லைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். நான் பதுளை பஸ்ஸைத் தவறவிட்டேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. சந்திரகாந்தி என்று வைக்கிறேன். இனி வருவதில் பாதி விசாரித்தது, பாதி நானே போட்டது. எது எதுவென்று பிரித்துக் காட்டச் சொன்னால் எனக்கே குழம்பும்.

2

முதல் தொடக்கம்: "பனி மூடிய மலைச்சரிவில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல—"

(அடித்துவிட்டேன். தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில் வளர்ந்தவனுக்குப் பனி என்றால் காயாத விறகு. கம்பளம் என்று எழுதுகிறவர் முதுகில் இருபது கிலோவைக் கட்டிக்கொண்டு அதன்மேல் ஒருதரம் ஏறிப் பார்க்கட்டும்.)

இரண்டாவது: "சந்திரகாந்தி குறி பார்த்தாள். ஒரே வெடி. வெள்ளைக்காரனின் மண்டை—"

(இதுவும் வேண்டாம். இந்த நாட்டில் துப்பாக்கி என்று ஒரு வரி எழுதினால் வாசகர் அடுத்த வரிக்கு வருவதற்குள் வேறெங்கோ போய்விடுவார். இது கணினி விளையாட்டு. செத்தவர் ஐந்து செக்கனில் எழும்பி வருவார். தோட்டத்தில் அந்த வசதி கிடையாது.)

மூன்றாவது: "ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் எட்டுப் பழைய கணினிகள் இருந்தன."

இது போதும். இதிலிருந்தே போவோம்.

3

எட்டில் ஆறுதான் ஓடின. யாரோ நல்ல மனசோடு கொடுத்துவிட்டுப் போனவை. படிப்பிக்க வந்த மாஸ்டர் நாலு கிழமையில் நின்றுவிட்டார். அறையின் சாவி, பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கம்சலாவிடம் தங்கிப்போனது. அவளுக்கு இங்கிலீசு வாசிக்க வரும். அந்தக் கிழட்டுப் பெட்டிகளில் மூச்சு வாங்காமல் ஓடிய ஒரே விளையாட்டு ஆஷ்கேட். அது இலவசம். அதை எழுதியது கம்பனி அல்ல. உலகத்தின் பல மூலைகளில் வேலை முடிந்து வந்து சும்மா எழுதிப் போடுகிறவர்கள். ஆறு பேருக்கு ஆறு பேர், இணையத்தில் மோதவேண்டும். எதிராளியின் கொடியைப் பிடித்தால் வெற்றி.

சந்திரகாந்தி இருபத்திரண்டு வருசமாகக் கொழுந்து பறிக்கிறவள். போன வருசம் தோட்டத்துக்குக் கொழுந்து வெட்டும் மெஷின் வந்தது. "மெஷினுக்குத் தோள் நோவாது பாருங்க" என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டு, அவளை வாரத்தில் மூன்று நாள் மட்டும் வரச்சொன்னார். மிச்ச நாட்களில் அவள் கம்சலாவின் அறைக்கு வந்தாள். மவுஸைப் பிடித்ததும் ஒன்று தெரிந்தது: கொழுந்து கிள்ளுகிற விரலே சுடுகிற விரல்.

கம்சலாவும் தோட்டத்தில் இன்னும் நாலு பேரும் சேர்ந்துகொண்டார்கள். முதல் நாள் ஆறு பேரும் கண்டபடி ஓடி, ஒருவரையொருவர் இடித்து, கூட்டமாகச் செத்தார்கள். சந்திரகாந்தி தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைச் சீராக்கினாள்.

"இதுவும் ஒரு மலைதான். நெரை புடிங்க."

தேயிலை மலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை. கீழே தொடங்கி மேலே வரைக்கும் அது அவருடையது. அடுத்தவர் நிரையில் கைவைத்தால் அது களவு. அதே சட்டம் இங்கேயும் வந்தது. திரையில் ஆறு நிரை, ஆறு பேர், ஒரே வேகத்தில் மேலே ஏறினார்கள்.

"டேய் தங்கராஜா, நெரைய விட்டு எங்கடா பாயிற?"

"அக்கா, ஒருத்தன் ஓடுறான்க்கா! கைக்கெட்டுற தூரந்தான்!"

"ஓடட்டும். அவன் பாக்கியம் நெரையில ஓடுறான், அவ சுடட்டும்."

தங்கராஜா மருந்தடிக்கிற ஆள். பம்பை முதுகில் போட்டு நினைத்தபடி நடந்து பழகியவன், நிரை அவனுக்கு ஒட்டவில்லை. பாக்கியம் என்கிற பாக்கியலெட்சுமிக்கு ஒட்டியது. மலையிலும் அவள் நிரை சந்திரகாந்திக்குப் பக்கத்து நிரைதான்.

ஐந்தரைக்குத் தேத்தண்ணி. ஆறு பேரும் ஆட்டத்தின் நடுவில் நின்ற இடத்திலேயே அசையாமல் நிற்பார்கள், எட்டு நிமிசம். அந்த நேரத்தில் வந்து சுட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு.

"தேத்தண்ணி குடிக்கயில சுடுறவன் என்னா மனுசன்?" என்றாள் பாக்கியம்.

இருந்தும் ஜெயித்தார்கள். ஆறு நிரையும் ஒன்றாக ஏறிவரும்போது எவனாலும் முதுகுக்குப் பின்னால் போகமுடியவில்லை.

4

அந்த விளையாட்டுக்கு உலகம் முழுக்க ஒரு கூட்டம். அவர்கள் கூடிப் பேச இணையத்தில் ஒரு பலகை. இவர்கள் விளையாடிய சேர்வரைப் பின்லாந்திலிருந்து நடத்துகிறவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் டோஸ்ட். யாரையும் வெளியே தள்ள அவருக்கு அதிகாரம் இருந்ததால் இவர்கள் அவரை டோஸ்ட் தொரை என்றார்கள்.

(அவரைக் கெட்டவராகக் காட்டச்சொன்னார் இதை முதலில் வாசித்த நண்பர். முடியாது. சம்பளமில்லாமல் காவல் காக்கிற மனிதர். காவல்காரனின் கண் சிலசமயம் சொந்தக்காரனையே கள்ளனாகப் பார்க்கும், அவ்வளவுதான்.)

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தச் சேர்வரின் கதவு இவர்களுக்கு மூடியிருந்தது. கம்சலா பலகையை வாசித்தாள்.

"என்னாடி எழுதியிருக்கான்?"

"நாம மெஷினாம்க்கா."

"யாரு?"

"நாம ஆறு பேருந்தான். தானா ஓடுற புரோகிராம்னு இருபது முப்பது பேர் எழுதியிருக்காங்க. ஒரே வரிசையில ஏறுறோமாம். தெனம் ஒரே நேரத்துல எட்டு நிமிசம் நின்னுபோறோமாம். பக்கத்துல ஆள் நின்னாலும் சுட மாட்டோமாம். இப்பிடி எந்த மனுசனும் வெளையாட மாட்டானாம்."

தங்கராஜா சிரித்தான். யாரும் சேராததால் நிறுத்தினான்.

"மெஷின் வந்துருச்சு, நீ வேணாம்னு அங்க சொல்றான்" என்றாள் சந்திரகாந்தி. "நீயே மெஷின்தான், போன்னு இங்க சொல்றான். அப்ப நான் எங்கடி நிக்கிறது?"

5

எதை நிரூபிக்க வேண்டுமானாலும் கிராம சேவகரிடம் போவதுதான் நம் ஊர் வழக்கம். ஆறு பேரும் அடையாள அட்டையோடு போய் வரிசையில் நின்றார்கள்.

"மனுசர்னு எழுதுறதுக்கு என்கிட்ட ஃபோர்ம் இல்லையே அம்மா. இங்க இருக்கீங்கன்னுதான் எழுதலாம்."

"அது போதுங்க ஐயா. மெஷினுக்கு நீங்க வதிவிடம் எழுதிக் குடுப்பீங்களா?"

அவர் முத்திரையை ஊதி, பலமாகக் குத்தினார்.

அதைத்தான் நான் பெரகலையில் பார்த்தேன்.

டோஸ்ட் தொரை மரியாதையாகவே பதில் எழுதினார். கம்சலா சொன்ன தமிழில் அது இப்படி: "முத்திரை அழகாக இருக்கிறது. கடதாசியைப் புரோகிராமும் செய்யும். ஞாயிறு காலை என் முன்னால் விளையாடுங்கள். எதிரியைக் கண்டால் மனிதன் சுடுவான். அவன் யார் பங்கு என்று கேட்டுக்கொண்டு நிற்கமாட்டான். உங்கள் ஐம்பது ஆட்டம் பார்த்துவிட்டேன், ஒருதரம்கூட யாரும் அடுத்தவர் பக்கம் சுட்டதில்லை. ஒரேயொரு தரம் சுட்டுக் காட்டுங்கள், கதவைத் திறக்கிறேன்."

6

இந்த இடத்தில் எனக்குச் சந்திரகாந்தி மேலேயே சந்தேகம். இவ்வளவு சின்ன விசயம், ஒரு சொடுக்கு, இதற்கு ஏன் ஒருத்தி இப்படி—

(வாக்கியத்தை முடிக்கவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அவளும் பாக்கியமும் பேசியதை எழுதினால் போதும்.)

"ஒரு தடவதான்டி. ஒன் நெரையில நிக்கிற ஒருத்தன."

"ஏன் என் நெரை? தங்கராஜா நெரையில சுடு."

"அவன் நெரையில அவனே நிக்கமாட்டான். அது கணக்குல வராது."

"ஏழு வருசத்துக்கு முந்தி என் நெரையில மூணு செடி கிள்ளுன. நெனப்பிருக்கா?"

"இருக்கு."

"அந்த மூணு செடிக்கு ரெண்டு வருசம் பேசல நாம. அப்ப வயசு இருந்துச்சு, தாங்குச்சு. இப்ப ரெண்டு வருசம் பேசாம இருந்தா அதுக்குள்ள ஒருத்தி போய்ச் சேந்துருவோம்."

"நீ சரின்னு சொல்லிட்டா?"

"நான் சரின்னு சொன்னா அது கேட்டுச் சுட்டது, அந்தத் தொரைய ஏமாத்துறது. சொல்லாம இருந்தா களவு. நான் வாயத் தெறக்க மாட்டேன். ஒன் வெரலு, ஒன் பாடு."

பாக்கியம் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

7

ஞாயிறு காலை ஒன்பது மணி. ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். டோஸ்ட் தொரை வேடிக்கை பார்க்க வரவில்லை. எதிர் அணியில் தானே இறங்கியிருந்தார். பாதி மலை ஏறியதும் பாக்கியத்தின் கணினி இறுகிப் போனது. அந்தப் பெட்டிகளுக்கு அது வழமை. அவளுடைய ஆள் கீழே ஒரு கல்லடியில் சிலையாக நின்றான். தொரை நேராக அவள் நிரைக்கு வந்தார். சந்திரகாந்தியின் துப்பாக்கிக்கு நாலு அடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அசையவில்லை. பாக்கியமும் தன் செத்த திரையை விட்டுவிட்டு, கதிரையைத் திருப்பி, சந்திரகாந்தியின் திரையைப் பார்த்தாள்.

முடிவு ஒன்று: சுடுகிறாள். பலகையில் முப்பது பேர் கைதட்டுகிறார்கள், மனுசி என்று பின்லாந்து ஒத்துக்கொள்கிறது. பாக்கியம் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறாள்.

முடிவு இரண்டு: சுடவில்லை. "மிக நேர்த்தியான மெஷின்," என்று தொரை எழுதுகிறார், "செய்தது யார்?" கதவு மூடியது மூடியதுதான்.

முடிவு மூன்று, நண்பர் சொன்னது: பாக்கியம் அவள் தோளில் கைவைத்து "சுடுடி" என்கிறாள்.

(மூன்றாவதை எழுதினேன், அழகாகத்தான் வந்தது. மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கிழித்தேன். மலையில் நின்ற எந்தப் பொம்பளையும் தன் நிரையை அப்படித் தூக்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. பார்க்காததைப் போட்டு உங்களைச் சந்தோசப்படுத்த எனக்கு மனமில்லை.)

முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இரண்டு மாதமாக நிற்கிறேன். இதையும் விசாரித்தால் தெரிந்துவிடும், ஒரு பஸ் தூரம்தான். போகவில்லை. போனால் அவள் செய்ததை எழுதவேண்டி வரும், அதோடு நீங்கள் தப்பித்துவிடுவீர்கள்.

மவுஸ் இப்போது உங்கள் கையில். தொரை இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார். ஆகவேண்டியதைச் செய்யுங்கள். சுட்டீர்களென்றால் ஒன்று மட்டும்: நாளை காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நீங்களே வாருங்கள். பாக்கியம் நிற்பாள். சந்திரகாந்தியை அனுப்பாதீர்கள், உன் நிரையில் கைவைத்தது நான்தான் என்று பாக்கியத்திடம் நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.