தனி ஃபிரிட்ஜ்

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்த ஈரம் காயாமலே, விஸ்வநாத் கண்ணாடித் தொட்டிக்குள் கையை விட்டு ஓர் இறாலை ஆட்டிக்கொண்டிருந்தான். பட்டாம்பூச்சி மீன் பவழக்கல்லுக்குப் பின்னால் போய் நின்று, வாலருகே கரும்புள்ளியாய் இருக்கும் பொய்க்கண்ணால் அவனைப் பார்த்தது. பெங்களூரில் அவனுடைய மேனேஜரும் ஏறக்குறைய இப்படித்தான்.

"அதுவும் உன்னை மதிக்கல்லை," என்றாள் தங்கை ஸாதனா.

அன்று விடிகாலையில் காலமான அப்பா விஸ்வேஸ்வரன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் மீன் எதையும் தொடவில்லை. மஞ்சள் பட்டைகள் வெளிறி, வயிறு உள்ளே ஒட்டியிருந்தது. மீனை விற்ற கடைக்காரர் அல்தாஃப், துக்கம் கேட்க வந்தவர், வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"சாமி கையில தின்னு பழகினதாக்கும். இன்னிக்கும் தின்னலேன்னா தாங்காது. நான் கடைக்கு எடுத்துட்டுப் போயி பாக்கறேன். அங்க பொழைக்குமான்னும் சொல்ல முடியாது."

மட்டாஞ்சேரியில் மீனுக்காக இறால் வாங்கிய ஒரே ஐயர் அப்பாவாகத்தான் இருக்கும். அம்மா ஜெயலக்ஷ்மி அதை வீட்டு ஃபிரிட்ஜில் வைக்க விடவில்லை. பின்வராந்தாவில் தனியாக ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வந்தது. மீனுக்கு ஊட்டினால் குளித்துவிட்டுத்தான் அவர் சமையலறைப் பக்கம் வரலாம். இந்த வழக்கில் சமாதானம் பேசப் போய் விஸ்வநாத் இரண்டு பக்கமும் திட்டு வாங்கியிருக்கிறான்.

"எடுத்துண்டு போகட்டும் அண்ணா. இங்கே யார் பாத்துப்பா? நீயா?"

அவன் வளர்த்த மணிபிளாண்டே பட்டுப்போயிருந்தது. அல்தாஃப் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்து உதறினார்.

உள்ளறையில் உறவுப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள். இறால் தட்டை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அம்மா, நீ தொட வேண்டாம். அது..."

"தெரியறது. தீட்டுதானேடா நடக்கறது? இதுக்கு மேலே என்ன ஆகப் போறது."

ஒன்றை எடுத்தாள். "நீ பூஜை மணியாட்டம் ஆட்டறே. வாலை ரெண்டு விரலால பிடிச்சுண்டு, கல்லுகிட்டே சும்மா வெச்சுண்டு நிக்கணும். உங்கப்பா ஆட்டவே மாட்டார்."

ஸாதனா அண்ணனைப் பார்த்தாள். அப்பா மீனுக்கு ஊட்டும்போதெல்லாம் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள்.

அம்மாவின் கை முழங்கைவரை உப்புத்தண்ணீரில் அசையாமல் நின்றது. பம்ப் மட்டும் இரைந்தது. கல்லுக்குப் பின்னாலிருந்து நீண்ட மூக்கு ஒன்று வெளியே வந்தது; பின்வாங்கியது. வெகுநேரம் கழித்து மறுபடி வந்து, இறாலைக் கொத்தி இழுத்தது.

அல்தாஃப் பையைச் சத்தமில்லாமல் மடித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு குடு," என்றாள் அம்மா.

விஸ்வநாத் கொடுத்தது கொஞ்சம் பெரிது. அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பயத்தங்காயைக் கிள்ளுவதுபோல நகத்தால் இரண்டாகக் கிள்ளினாள்.