பதினேழாவது பெட்டி

பதினாறு பெட்டிகள் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. பதினேழாவதை மாட்டினேன். லேப்டாப் திரையில் எல்லா எண்களும் ஒரே நேரத்தில் காணாமல் போயின. கழற்றினேன், பதினாறும் திரும்பி வந்தன. மறுபடி மாட்டினேன், மறுபடி எல்லாம் ஊமை. ஏணியின் மேல்படியில் நின்றபடி பெட்டியின் மூடியைத் தொட்டேன். மருந்து வைக்கிற அந்தக் குளிர்கிடங்கில் என் மூக்கு நுனியே விறைத்துப் போயிருந்தது, பெட்டி மட்டும் லேசாகச் சுட்டது.

அந்தக் கிடங்கில் முப்பத்திரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றும் தன் மூலையின் குளிரை அளந்து ஆபீஸ் ரூமில் இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜோடிக் கம்பிதான். பெட்டிக்குள்ளே எட்டுக் கால் வைத்த ஒரு சிப் இருக்கிறது, சுண்டுவிரல் நகத்தில் பாதி. பேசுவதும் கேட்பதும் அதன் வேலை. அது எப்படி வேலை செய்கிறது என்று யார் கேட்டாலும் சொல்லுவேன், கேட்காவிட்டாலும் சொல்லுவேன். ஒரு கம்பி ஏறும்போது இன்னொன்று இறங்கும், அது ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கும். பக்கத்தில் கம்ப்ரசர் போடுகிற கூச்சல் ரெண்டு கம்பியிலும் ஒரே மாதிரி விழுவதால் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. சும்மா இருக்கும்போது அது எடுக்கிற மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. கம்ப்யூட்டர் எந்த நம்பரைக் கூப்பிடுகிறதோ அந்தப் பெட்டி மட்டும் வாயைத் திறக்கும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உடனே கம்பியை விட்டுவிட வேண்டும். விடுவதுதான் முக்கியம். பேசு என்பதற்கு அதில் தனியாக ஒரு கால் உண்டு, அதில் மின்சாரம் நின்றுகொண்டே இருந்தால் அது கம்பியை விடாது. ஒன்று விடாவிட்டால் மற்ற முப்பத்தொன்றும் பேச முடியாது.

மூடியைக் கழற்றினேன். அந்தக் காலுக்கும் பக்கத்துக் காலுக்கும் நடுவே ஒரு பொட்டு ஈயம் பளபளவென்று இருந்தது.

அதை வைத்தது நான்தான். பெட்டிகளைச் செய்கிற எங்கள் பட்டறையின் மேசையில் சிக்னலைத் திரையில் பார்ப்பதற்காக, அது பேசிக்கொண்டே இருக்கட்டும் என்று ஒரு சொட்டு விட்டேன். பார்த்து முடித்ததும் உறிஞ்சி எடுத்துவிடுவது வழக்கம். அன்றைக்கு பேக்கிங் பார்க்கிற பெண் பக்கத்தில் வந்து நின்றாள். இது எப்படிப் பேசுகிறது என்று அவளுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். பிரசங்கம் முடிந்தபோது பெட்டியை மூடி அவள் கையிலேயே கொடுத்தேன்.

முதல்முறை கிடங்கில் எல்லாவற்றையும் மாட்டி சுவிட்சைப் போட்டபோது ஒன்றும் வரவில்லை. எங்கள் முதலாளி, கிடங்கு மேனேஜர், எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும், அரைமணி நேர வேலை. நான் பார்க்கவில்லை. என் கைபட்டது தப்பாக இருக்குமா என்ற திமிர். "வயர்லதான் சார் கோளாறு" என்றேன், என்னமோ உள்ளே புகுந்து பார்த்தவன் மாதிரி.

வயர் இழுத்தவர் என் மாமா, அக்கா வீட்டுக்காரர். வீடுகளுக்கு ஒயரிங் செய்துகொண்டிருந்தவரை நம்ம ஆள் என்று சொல்லி முதலாளியிடம் கூட்டிவந்ததும் நான்தான். மாமா என்னிடம் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்படியாப்பா? சரி, புதுசா இழுத்துடலாம்" என்றார். பொய்க்கூரைக்கு மேலே, ஆள் நிமிர முடியாத இடத்தில், வயிற்றால் ஊர்ந்து நாலு நாள். அறுநூறு அடி.

இப்போது ஏணியின் மேல் நின்று வாசலைப் பார்த்தேன். மாமா வெளியே பழைய வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி அந்தப் பொட்டை உறிஞ்சி எடுத்தேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. மூடியைப் போட்டு நாலு ஸ்க்ரூவையும் முடுக்கினேன்.

முப்பத்திரண்டும் பேசின. முதலாளி வந்து பார்த்தார். "பாத்தீங்களா, வயரை மாத்தினதும் வந்துடுச்சு" என்றவர் மாமா பக்கம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்க, அடுத்த சைட்டுக்கு வேற ஆள் வெச்சுக்கறோம்" என்றார்.

மாமா தலையை ஆட்டினார். முதலாளி போனதும் என்னிடம் வந்து, "உன் பேரைக் கெடுத்துட்டேன்ப்பா" என்றார்.

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்ல மாமா, விடுங்க."

மன்னித்துவிட்டேன். அவரை நான் மன்னித்துவிட்டேன். இதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எட்டு நாள் ஓடியது. எனக்குச் சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகவே இறங்கியது. பட்டறையில் மட்டும் வாய் எழும்பவில்லை. என்னய்யா, வாயில கொழுக்கட்டையா என்று கேட்டுச் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா போன் செய்தாள். "உங்க மாமா அந்தப் பழைய வயரைத் தூக்கிட்டு வந்து வீடு முழுக்கப் பரப்பி வெச்சிருக்காரு. நீயாவது வந்து சொல்லேன்." மறுநாள் அடுத்த சைட் ஆரம்பம். புது ஒயர்மேனை முதலாளி காலையில்தான் வரச்சொல்லியிருந்தார்.

போனேன். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. சோபாவுக்குக் கீழே, டிவி ஸ்டாண்டைச் சுற்றி, சமையலறை வாசல் வரைக்கும் வயர். அதன் கடைசி முனையில் ரெண்டு கம்பியையும் முறுக்கிவிட்டிருந்தார். இந்த முனையில் அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்து மீட்டரின் ஊசிகளைக் கம்பியில் அழுத்திக்கொண்டிருந்தாள். மீட்டர் கூவிக்கொண்டிருந்தது. கம்பி நன்றாக இருக்கும்வரை அது கூவும், எங்காவது விட்டால் நிற்கும். மாமா தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு அடியாக வயரை மடக்கி, நிமிர்த்தி, முறுக்கிப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்.

"ஆட்டும்போது விடுதோ என்னமோன்னு பாக்கறேன்" என்றார். "நானூறு அடி தாண்டியாச்சு. ஒரு இடத்துலயும் விடல. எங்க தப்பு பண்ணேன்னு தெரிஞ்சா போதும்ப்பா, இனிமே உஷாரா இருப்பேன்."

"வந்ததுல இருந்து இதே பாட்டுதான். என்னையும் பிடிச்சு உக்கார வெச்சுட்டாரு" என்றாள் அக்கா. குறையாகச் சொல்லவில்லை.

"வயர்ல ஒண்ணும் இல்ல மாமா."

அவர் சிரித்தார். "எனக்காகச் சொல்லாத. அன்னிக்கே பெரிய மனசு பண்ணி விட்டுட்ட. உங்க அக்கா உன்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடறா."

உடம்பு முழுக்கக் கூசியது. அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். நல்லவன் என்ற பேரோடு போயிருக்கலாம், கதவு திறந்துதான் இருந்தது.

"பதினேழாவது பெட்டி, மாமா. அதுல நான் ஒரு ஈயம் வெச்சிருந்தேன். எடுக்க மறந்துட்டேன். அதாலதான் எதுவும் பேசல. உங்க வயர் நல்லாத்தான் இருந்துச்சு."

மடக்கிய வயரோடு அவர் கை நின்றது. ஈயத்தைப் பற்றி அவர் கேட்பார் என்று நினைத்தேன். அதற்கு ஆயிரம் விளக்கம் என்னிடம் இருந்தது.

"எப்ப தெரியும் உனக்கு?"

"அன்னிக்கே."

"முதலாளி வர்றதுக்கு முன்னாலயா?"

"ஆமா."

"நாளைக்குக் காலையில நானே அவர்கிட்ட சொல்லிடறேன் மாமா" என்றேன். மாமா வயரை மெதுவாக நிமிர்த்தி, கசங்கிய இடத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டு, தரையில் வைத்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஊசிகளை அழுத்தி அழுத்தி அவள் விரல்நகங்கள் வெளுத்திருந்தன. எடுக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் நடுவே மீட்டர் விடாமல் கூவிக்கொண்டே இருந்தது.