தொண்ணூற்றொன்பது மணி நேரம்

ஆறு வருஷமாக அவள் நிரூபித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: தெருவுக்குப் பஸ் வந்தால் பெண்கள் கூடுதல் நேரம் வேலைக்குப் போவார்கள். இதற்கு ஒரு படிப்பா, காலையில் என் பஸ்ஸில் ஏறிப் பார் என்பான் கணவன். அவன் பஸ் டிரைவர், சொல்ல உரிமை உண்டு. ஆனால் பயன்பாட்டுப் பொருளாதாரத்தில் கண்ணால் பார்த்தது கணக்கில் சேராது, எண்ணால் பார்க்க வேண்டும்.

உறவுக்காரர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்றதும் சித்தி ஒருத்தி முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டாள். இது வேற டாக்டர் என்று விளக்கியதும், "அதுவும் இன்னும் முடியலையா?" என்றாள். மாத்திரைக் கேள்வியே தேவலை.

அந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். மூன்று முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, நான்காவது என்று விதியிலேயே கிடையாது. மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருஷமும் ஆற்றில் கரைத்த புளிதான்.

செவ்வாய்க்கிழமை கையெழுத்துக்காகப் போய் நின்றாள். வழிகாட்டிப் பேராசிரியர் பேனாவைத் திறந்தார், ஏதோ நினைத்துக்கொண்டு மூடினார். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று ஒரே ஒரு அட்டவணை பின்னிணைப்பில் போட்டுவிடச் சொன்னார். அவருடைய 'ஒரே ஒரு' அட்டவணைகள் அதுவரை முப்பதைத் தாண்டியிருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. எண்ணூறு பெண்களில் நாற்பத்தொரு பேர், மிகச் சரியாக, வாரத்துக்குத் தொண்ணூற்றொன்பது மணி நேரம் வேலை செய்தார்கள். நூறு இல்லை, தொண்ணூற்றெட்டு இல்லை. அவள் ஆய்வுக்கு அடிப்படையே பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்த ஒரு கணக்கெடுப்பு; எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்லும் அதன் குறியீட்டுத் தாளை அலமாரியிலிருந்து தேடி எடுத்தாள். கடைசி வரியில் இருந்தது: 99 என்றால், அந்தப் பெண் வீட்டில் இல்லை, பதில் இல்லை.

பதில் இல்லாததை யாரோ மணி நேரமாகக் கூட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ? எல்லாம் சுத்தம் செய்தாயிற்று என்று சொல்லி அந்தக் கணக்கெடுப்பு ஃபைலைக் கொடுத்தவரே பேராசிரியர்தான். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கட்டுரையும் அதே ஃபைலில் பிறந்ததுதான். அவரைத் திட்டி முடித்து அவள் தன்னையும் திட்டிக்கொண்டாள். ஆறு வருஷத்தில் ஒரு நாள் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்திருக்கக் கூடாதா? நாற்பத்தொரு பேரையும் நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினாள். பஸ் வந்த தெருவுக்கும் வராத தெருவுக்கும் இருந்த ஏழு மணி நேர வித்தியாசம் அரை மணி நேரமாகச் சுருங்கியது. அரை மணி நேரத்துக்கு யாரும் டாக்டர் பட்டம் தரமாட்டார்கள்.

வீட்டில் அழுதுகொண்டே சொன்னாள். அந்த நாற்பத்தொரு பேரில் முப்பத்தேழு பேர் பஸ் வந்த தெருக்காரிகள் என்றதும் கணவன் சிரித்துவிட்டான்.

"பட்டப்பகல்ல போய்க் கதவைத் தட்டினா, பஸ் ஏறி வேலைக்குப் போனவ எப்படி வீட்ல இருப்பா?"

அவன் சொன்னது சரியாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. யாரைக் கண்டுபிடிக்க ஆறு வருஷம் அலைந்தாளோ, அவர்கள் வேலைக்குப் போய்விட்டதாலேயே கணக்கில் விழவில்லை. உண்மை கண்ணெதிரே நிற்கிறது, கையில் ஆதாரம் மட்டும் இல்லை. இதைவிடக் கொடுமை உண்டா?

புதன்கிழமை பேராசிரியரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கணவன் சொன்னதையும் சேர்த்துச் சொல்லி, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"உங்க வீட்டுக்காரர் சொல்றது சரிதானேம்மா. அவங்க வேலைக்குத்தான் போயிருக்காங்க. முடிவு உண்மை. அப்புறம் என்ன?"

"உண்மையா இருக்கலாம் சார். ஆனா நாம அதை அளக்கலையே."

"அந்த நாற்பத்தொரு பேரை எடுத்துட்டீங்கன்னா என் கையெழுத்து இல்லை. இருந்தாங்கன்னா இப்பவே போடறேன்."

புது அட்டவணையும் வேண்டாம் என்றார். அவள் சரி என்று தலையசைத்தாள். அவர் சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை. வியாழக்கிழமை அவரிடம் சொல்லாமல் ஒரு பக்கம் எழுதினாள். இந்த நாற்பத்தொரு பேரின் நேரம் அளக்கப்பட்டதல்ல, இவர்களை நீக்கினால் முடிவு நிற்காது, இவர்கள் வீட்டிலிருக்கும் நேரத்தில் போய் மறுபடி கேட்க வேண்டும் என்று நேராக எழுதினாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களுக்குப் பின்னால் அதையும் வைத்து பைண்டிங் கடையில் கம்பிச்சுருள் போட்டாள். கணவன் அந்தப் பக்கத்தை வாசித்தான்.

"ஆறு வருஷத்துல எனக்கே புரிஞ்ச பக்கம் இது ஒண்ணுதான்" என்றான். அவன் குரலில் கிண்டல் இல்லை. அன்று அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது சும்மாவா? வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு ஆய்வுப் பிரிவின் கவுண்டரில் குமாஸ்தா விரலில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாக எண்ணினார். பிறகு சான்றிதழ்ப் பக்கத்தைக் காட்டினார். அதில் 'மொத்தம் 212 பக்கங்கள்' என்று அச்சாகி, கீழே பேராசிரியரின் கையெழுத்து.

"இங்க இருநூத்திப் பதிமூணு இருக்கே. ஒண்ணு, புதுச் சான்றிதழ்ல கையெழுத்து வாங்கிட்டு வாங்க. இல்ல, கடைசிப் பக்கத்தை எடுத்துடுங்க."

புதுக் கையெழுத்துக்கு அந்தப் பக்கத்தை அவரிடமே நீட்ட வேண்டும். நீட்டினால் போடமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். கடிகாரத்தில் நாலே முக்கால். பின்னால் வரிசையில் நின்றவர் செருமினார். அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கம்பிச்சுருளிலிருந்து அந்தத் தாளை இழுத்தாள். ஓரம் பல்பல்லாகக் கிழிந்து வந்தது.

குமாஸ்தா முத்திரை குத்தி ரசீதைக் கொடுத்தார். அவளைப் பார்த்து அன்பாகவே சிரித்தார்.

"வாழ்த்துகள், டாக்டர்."

அந்த வார்த்தையை முதன்முதலாக ஒருவர் சொல்லிவிட்டார். அவள் கிழிந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். படியிறங்கும்போது போன் அடித்தது, டெப்போவிலிருந்து கணவன்.

"கொடுத்துட்டியா?"

"கொடுத்தாச்சு."

"அந்தப் பக்கத்தோடதானே?"

அவள் பைக்குள் கைவிட்டு அந்தத் தாளின் கிழிந்த ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அவன், வண்டி எடுக்க நேரமாயிற்று என்று சொல்லி வைத்துவிட்டான்.