வாக்குத்தத்தம் இல்லாத வருஷம்

டிசம்பர் நடுவில் ஆசீர்வாதம் ஐயர் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். மின்வாரிய அலுவலக வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கேரியரிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து என் மேஜைமேல் வைத்தார். சிறிதாக வெட்டிய சார்ட் அட்டைகள்.

"சற்குணம், இந்த வருஷமும் நீதான் எழுதணும். உன் கையெழுத்து மாதிரி சபையில யாருக்கு இருக்குது?"

"வேற யாராவது எழுதட்டும் ஐயரே."

"வீட்ல சும்மாத்தான இருக்க? எழுதினா மனசுக்கு நல்லது."

நான் வீட்டில் சும்மா இருப்பதில்லை. இருக்க முடிவதில்லை. அலுவலகம் விட்டதும் பஸ் ஸ்டாண்டு வரை நடப்பேன். எந்த பஸ்ஸுக்கும் நிற்காமல் திரும்பி, தேரடி வழியாக வந்து, எங்கள் தெரு முனையில் நின்று யோசித்து, மறுபடி நடப்பேன். வீட்டில் உட்கார்ந்தால் உடனே எழுந்துவிடுவேன். இதை அவரிடம் சொல்லவில்லை. பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

புது வருஷத்தன்று காலை ஆராதனை முடிந்ததும் ஒரு பித்தளைத் தட்டில் இந்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒவ்வொருவரும் கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுக்க வேண்டும். அதில் எழுதியிருக்கும் வசனம்தான் அந்த வருஷத்துக்கு அவருக்குக் கிடைத்த வாக்குத்தத்தம். வியாதி நீங்கும், வழி திறக்கும், பயப்படாதே, கூட இருக்கிறேன். வேதத்தில் இனிப்பானதாகப் பார்த்துப் பொறுக்கி எழுதுவோம். வருஷம் முழுக்க அதைக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருப்பார்கள்.

போன புது வருஷத்தில் என் மனைவி சலோமி எடுத்தது நீடித்த ஆயுள். என் கையெழுத்து. ஏப்ரலில் மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். இருபத்து நாலு வயது.

கிறிஸ்துமஸ் முடிந்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரித்தேன். முதல் அட்டையில் பாதி எழுதியதும் கை நின்றுவிட்டது. எழுந்து தண்ணீர் குடித்தேன். மறுபடி உட்கார்ந்தேன். கடவுள் தருவதாகச் சொன்னது எதையும் என்னால் எழுத முடியவில்லை. செய்யச் சொன்னதை எழுத முடிந்தது. பகைவனுக்குப் பசித்தால் சோறு போடு. கேட்கிறவனுக்குக் கொடு. கோபத்தோடு படுக்கப் போகாதே. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. அவை மளமளவென்று வந்தன. எல்லா அட்டையும் தீரும்வரை எழுதி, ரப்பர் பேண்டு போட்டு ஐயர் வீட்டில் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்க்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

எண்பத்து மூன்று, ஜனவரி ஒன்று. தட்டைச் சுற்றி வழக்கமான நெரிசல். எடுத்தவர்கள் சன்னல் வெளிச்சத்துக்குப் போய்ப் படித்தார்கள். பிறகு அடுத்தவர் அட்டையை எட்டிப் பார்த்தார்கள். பிறகு திருப்பிப் பார்த்தார்கள், பின்பக்கம் ஏதாவது இருக்குமா என்று.

சைக்கிள் கடை அப்பாதுரை அட்டையைத் தள்ளிப் பிடித்து இரண்டு முறை படித்தார். காணிக்கை வைப்பதற்கு முன்னால் போய் சகோதரனோடு சமாதானமாகு என்று இருந்தது. அவரும் அவர் தம்பியும் ஒரு பொதுச்சுவரின் விஷயமாகப் பேச்சை நிறுத்திப் பல வருஷம்.

"காணிக்கை போட்டப்புறம் சொன்னா இன்னா பண்றது?" என்றார். "மொதல்லயே சொல்லியிருந்தா அஞ்சு ரூபா மிச்சம்."

சிரித்தார்கள். ஐயர் சிரிக்கவில்லை. என்னைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனார்.

"இன்னா தம்பி இது?"

"வசனந்தான் ஐயரே."

"வசனந்தான். வாக்குத்தத்தம் எங்க? ஜனங்க வருஷம் பூரா உதை வாங்கிட்டு, இன்னைக்கு ஒருநாள் நல்ல வார்த்தை கேக்க வர்றாங்க. அவங்களுக்கு வேலை குடுத்து அனுப்பறியே."

தட்டைத் திரும்பிப் பார்த்தேன். தட்டில் கடைசியாக ஓர் அட்டை கிடந்தது. அது என் பங்கு. நான் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் பாஞ்சாலை வந்து வாசலில் நின்றாள். ஒரே வீட்டில் அடுத்த போர்ஷன். அவள் புருஷன் வேணு லாரி ஓட்டுகிறவன், பம்பாய் லைன், போனால் திரும்ப மாதக்கணக்காகும். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள், அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் யாரும் வருவதில்லை. அவர்களுக்குச் சாமி மலைமேல் கோயிலில்தான். ஆனால் சலோமி இருந்தபோது, "புது வருஷத்துக்கு வந்து ஒரு அட்டை எடு, பாஞ்சாலை" என்று சொல்லி வைத்திருந்தாள். அதை நினைவு வைத்துக்கொண்டு காலையில் எங்கள் சபைக்கு வந்திருந்தாள். இரண்டு முறை அவளுக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. இப்போது மறுபடி இரண்டு மாதம்.

"சார், இதுக்கு இன்னா அர்த்தம்?"

அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்று இருந்தது.

"அதான் அர்த்தம்."

"டாக்டரம்மா கொடம் தூக்காதன்றாங்க. உங்க சாமி தூக்குன்றாரா?"

எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

"வேற ஒண்ணு எழுதிக் குடுங்க சார். புள்ள தங்கும்னு இருக்கற மாதிரி. உங்க புஸ்தகத்துல இல்லாமலா போயிடும்?"

"இருக்குது."

"அப்ப எழுதுங்க. அக்காவுக்கு எழுதின மாதிரி."

"அவளுக்கு நீண்ட ஆயுசுன்னு வந்துது, பாஞ்சாலை."

அவள் கொஞ்ச நேரம் கதவுச் சட்டத்தைப் பார்த்தாள். "பரவால்ல சார். எழுதுங்க. நான் வச்சிக்கறேன்" என்றாள்.

பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். திரும்ப மாட்டினேன்.

"என்னால ஆவாது" என்றேன்.

அவள் போய்விட்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

எங்கள் தெரு மலையைப் பார்த்து மேடேறும். குழாய் கீழ் முனையில் இருக்கிறது. மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது. மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டு நின்றபோது, பாஞ்சாலை காலிக் குடத்தோடு இறங்கிப் போவதைப் பார்த்தேன். பிரஷ்ஷை வைத்துவிட்டுப் பின்னால் போய்க் குடத்தை வாங்கினேன். அவள் கொடுக்கவில்லை. நான் விடவில்லை. நடுத்தெருவில் இரண்டு பேரும் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவள் விட்டாள்.

குழாயடியில் பேச்சு நின்றது. தங்கம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். அந்தக் குழாய்க்கு அவள்தான் ராணி.

"இன்னா சார், ஆபீஸ்ல வேலை கம்மியா?"

"ஆமாங்க."

நிறைந்த குடத்தை எப்படி எடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை. இடுப்பில் வைத்தேன், நழுவியது. தோளில் ஏற்றினேன், சட்டையெல்லாம் நனைந்தது.

"இடுப்பே இல்லாத ஆளு கொடம் எடுத்தா இப்படித்தான்" என்றாள் தங்கம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும். ஒரு வாரத்தில் தோள் காய்த்துவிட்டது. கேலியும் மாறிவிட்டது. நான் வரும்போது குரலைத் தாழ்த்தினார்கள். அது கேலியைவிட மோசம். பெண்டாட்டி செத்து வருஷம் திரும்பாத ஆள், புருஷன் ஊரில் இல்லாத பெண்ணுக்குத் தண்ணீர் சுமக்கிறான். நான் குடத்தை அவள் வாசற்படியில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். உள்ளே கால் வைத்ததில்லை. அது யாருக்கும் கணக்கில்லை.

ஐயர் ஒருநாள் காலையில் குழாய்க்கே வந்து சைக்கிளை நிறுத்தினார். என்னோடு மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

"நல்ல காரியந்தான் சற்குணம். ஆனா பொல்லாப்பு மாதிரித் தெரியறதுலேந்தே விலகி இருக்கணும்னு இருக்குது இல்ல?"

"இருக்குது. அந்த அட்டையும் எழுதினேன். யார் எடுத்தாங்கன்னு தெரியல."

"நான்தாம்பா எடுத்தேன்" என்றார்.

குடத்தைத் தோள் மாற்றிக்கொண்டேன். அவருக்கு மூச்சு வாங்கியது.

"அப்பாதுரை அவன் தம்பி வீட்டுக்குப் போனான், தெரியுமா? மறுபடி சண்டை. இப்ப சுவத்துக்கு மேல தகரம் வேற வச்சிருக்கான்."

"அதுக்கு நான் இன்னா பண்றது ஐயரே?"

"ஒண்ணும் பண்ணாத. சொன்னேன்." திருப்பத்தில் நின்று குடத்தைப் பார்த்தார். "சிந்துது பாரு" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறி இறக்கத்தில் போய்விட்டார்.

மார்ச்சில் வேணு வந்தான். யாரோ பஸ் ஸ்டாண்டிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். லுங்கிகூட மாற்றாமல் என் கதவைத் தட்டினான்.

"சார், வெளிய வாங்க."

வந்தேன்.

"ஊர்ல இன்னா பேசறாங்க தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுந்தான் தூக்கறீங்க."

"ஆமா."

"ஏன்?"

அட்டையைக் காரணம் சொல்லியிருக்கலாம். அது பொய்யாக இருந்திருக்காது. உண்மையாகவும் இருந்திருக்காது.

"காலையில வீட்ல இருக்க முடியல" என்றேன்.

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் பரவாயில்லை என்றும் இருந்தது.

"என் பொண்டாட்டிக்குத் தண்ணி தூக்க எனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீங்க ஊர்ல இல்ல."

"வண்டி ஓட்டலன்னா சோறு கெடையாது சார்."

"அதுவும் தெரியும்."

"எல்லாமே தெரியுமா உங்களுக்கு?"

உள்ளேயிருந்து பாஞ்சாலையின் குரல் வந்தது. "அவருக்கு ஒண்ணுந் தெரியாது. கொடத்த எந்தப் பக்கம் புடிக்கணும்னுகூடத் தெரியாது. உள்ள வந்து துன்னு."

வேணு திரும்பி அவள் பக்கம் பார்த்தான். பிறகு என் தோளைப் பார்த்தான். சட்டை அங்கே நைந்து போயிருந்தது.

"இனிமே வேணாம். நான் இருக்கறேன்" என்றான்.

"சரி."

அந்த வாரம் அவன் குடம் தூக்கினான். எனக்குக் காலைகள் மிகவும் நீண்டுபோயின. தண்ணீர் விடும் நேரத்தில் எதிர்ப்பக்கமாக நடந்து, மலைச்சுற்று ரோட்டில் ஏறி, கால் போன போக்கில் போய், அலுவலகத்துக்குத் தாமதமாக வந்தேன். வியாழக்கிழமை கதவைத் திறந்தபோது என் வாசலில் இரண்டு குடங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. விடியற்காலையில் லோடு கிளம்பும்போது வேணு வைத்துவிட்டுப் போனதாகப் பாஞ்சாலை சொன்னாள். குடங்களை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஏப்ரல் வந்தது. அவளுக்கு ஐந்தாம் மாதம். சலோமி போய் ஒரு வருஷம். ஒருநாள் காலை பாஞ்சாலை கதவருகில் பாயில் படுத்திருந்தாள். ராத்திரி வலி வந்திருக்கிறது. டாக்டரம்மா எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டாராம். முகம் வெளுத்திருந்தது.

"தங்குமா சார்?"

"தெரியாது."

"அக்காவா இருந்தா தங்கும்னு சொல்லியிருப்பாங்க."

"ஆமா. சொல்லியிருப்பா."

"நீங்க சொல்ல மாட்டீங்க."

குடத்தைப் படியில் வைத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எது சொன்னாலும் என் கையெழுத்தில் இருந்த அந்த ஆயுள் மாதிரி ஆகிவிடும் என்றும் இருந்தது.

"நாளைக்கு ரெண்டு கொடம் கொண்டாறேன்" என்றேன்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. தங்கம்மாள் அன்றிலிருந்து ஒரு சட்டியில் ரசமும் சோறும் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். என்னைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆகஸ்டில் குழந்தை பிறந்தது. வேணு ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்து சொன்னான்.

"பொண்ணு சார். ரெண்டே கால் கிலோ. எடைதான் கம்மி, பரவால்லன்றாங்க. வந்து பாருங்க."

"வர்றேன்" என்றேன். போகவில்லை. சலோமி கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரி அது. வாசல்வரை இரண்டு முறை போனேன். இளநீர்க் கடையில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அவர்கள் வீட்டுக்கு வந்த பிறகு சுவர் வழியாக அழுகை கேட்டது. உட்கார முடியவில்லை. எழுந்து போகவும் முடியவில்லை. காலையில் வேணு கதவைத் தட்டினான். கையில் நாலு குடம்.

"வெந்நீர் வைக்கணும் சார். தண்ணி ஜாஸ்தி வேணும். ஆளுக்கு ரெண்டு."

இருவரும் இறங்கினோம். குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை. வரிசை நீளமாக இருந்தது.

"ஆம்பளை ரெண்டு பேரு வந்துட்டாங்க, இடுப்பு ஒண்ணுகூட இல்ல" என்றாள் தங்கம்மாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கொழந்தை யாரு ஜாடை சார்?"

வரிசையில் எல்லோரும் வேணுவைப் பார்த்தார்கள்.

"இன்னும் பாக்கல" என்றேன்.

"எங்கம்மா ஜாடை" என்றான் வேணு. "மூக்கு அப்படியே. அதான் பயமா இருக்குது."

தங்கம்மாள்தான் முதலில் சிரித்தாள். குழாய் இருமியது. காற்று வந்து, பிறகு தண்ணீர் வந்தது. எங்கள் முறை வந்தபோது வேணு என் குடத்தை முன்னால் நகர்த்தினான்.

"நீங்க மொதல்ல புடிங்க. ஆபீசுக்கு நேரமாவுது."

நிறைந்ததும் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். பாதி மேட்டிலேயே அழுகை கேட்டது. சின்னக் குரல், விடாமல் அழுதது. நான் வேகமாக நடந்தேன். தண்ணீர் சிந்தியது. இந்தத் தடவை படியில் வைக்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கொண்டுபோனேன்.